தோலில் தெரியும் பட்டி

திருப்பத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு ஆட்டுக்காரரும், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க ஆட்டுப்பட்டி எவ்ளோ சின்னதுன்னு தோலைத் தடவியே சொல்லிடுவேன்," என்றார் தரம் பிரிப்பவர்.

"அது எப்டிங்க?"

"நெருக்கி அடைச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். தோல்ல கொம்புக் கீறல் விழும். மூத்திர ஈரத்துலயே படுத்தா வயித்துத் தோல் வெந்துடும். அப்புறம் மூணாந்தரம்தான்."

"குட்டிங்களும் மிதிபட்டுச் சாவுதுங்க. இன்னா பண்றது, இருக்கற எடம் அவ்ளோதான்."

"பட்டியைப் பெருசாக்குங்க. ஆடு கால் நீட்டிப் படுக்கணும்."

ஆட்டுக்காரர், "உங்களுக்கு வீடு எங்கங்க?" என்றார்.

"ஷாப்பு பக்கத்துலதான். ஒரே ரூமு, ஒம்போது பேரு. நான் ஷாப்புலயே தோல் கட்டு மேல படுத்துக்குவேன். அங்கதான் காலை நீட்ட முடியுது."