வேர்க்கடலையோடு திரும்பிப்போன தட்டு

என் பெயர் பிரிஸ்கா இன்கண்டு. வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் ஃபிடெலிஸ் கபாம்ப்வே. லுவான்ஷ்யா நகரில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், கிணற்றுத் தெருவில் வசிக்கிறேன். ஒரு கல்லூரி நூலகத்தில் நூற்பட்டியல் பிரிவில் இருபத்தொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஒரே மகள் காங்வாவுக்கு வயது இருபத்தாறு. அடுத்த தெருவில் வசிக்கும் திரு. லோம்பே சாம்பா, தம் அண்ணன் மகன் கலுபாவுக்காக அவளைப் பெண் கேட்டு வந்தவர். அவர் கொண்டுவந்த நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை வைத்துக்கொண்டு, அவர் குடும்பத்தை நாங்கள் அவமதித்துவிட்டதாக என் கணவர் மீது இந்த உள்ளூர் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார். அது பற்றி என்னை விசாரித்ததில் நான் கூறுவதாவது.

நடந்ததைத் தேதிவாரியாக, சொந்தக் கருத்து சேர்க்காமல் சொல்லும்படி எழுத்தர் கேட்டுக்கொண்டார். கூடியவரை அப்படியே சொல்கிறேன்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்துக் கொடுக்கிறார். சுவருக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். சுவருக்கு வெளியே இருக்கும் எந்தப் பொருளையும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அளவு நாடா ரொட்டி டப்பாவில் கிடைத்திருக்கிறது. வாக்காளர் அட்டை கோழித்தீவன மூட்டைக்குள் கிடைத்திருக்கிறது. காணாமல் போன எதையும் அவர் தொலைத்ததாக ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. "இங்கதான வச்சேன், யாரு எடுத்தது?" என்றுதான் கேட்பார். வீட்டில் இருப்பது நாங்கள் மூவர். வீட்டில் ஏதோ கெட்ட ஆவி நடமாடுகிறது, போதகரைக் கூப்பிட்டு ஜெபிக்க வேண்டும் என்று அவருடைய தங்கை ஒருமுறை சொன்னாள். அந்த ஆவி பத்தாம் நம்பர் செருப்புப் போடும் ஆவி என்று நான் பதில் சொன்னேன்.

கடந்த ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி, ஈஸ்டர் திங்கட்கிழமை, எனக்கு விடுமுறை. காலையிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். மதியத்துக்குள் என் கணவர் என்னை ஆறு முறை எழுந்திருக்க வைத்தார். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரைக் காணோம் என்றார். அதன் பிறகு நான் தேடியதில் அது சர்க்கரை டப்பாவில் இருந்தது. அதை அவர் கையில் கொடுத்தபோது, "நீதான் சர்க்கரைய இடம் மாத்தியிருப்ப" என்றார். அதன் பிறகு நான் என் கணவரிடமும் மகளிடமும், இனி இந்த வீட்டில் காணாமல் போகும் எதையும் தேட மாட்டேன், இருக்கும் இடம் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்று தெரிவித்தேன். எழுத்தர் இந்த இடத்தில் "கோபத்தில்" என்று எழுதினார். அதை அடித்துவிட்டு "யோசித்து" என்று திருத்தும்படி கேட்டுக்கொண்டேன்.

மே மாதம் மூன்றாம் தேதி திரு. சாம்பாவின் மனைவி ஆக்னஸ் எங்கள் பக்கத்தில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் வறுத்த புழுவை எனக்குக் கொடுத்தனுப்பினார். அதை நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் தட்டில் வைத்து, அதே மாதிரி இன்னொரு தட்டால் மூடியிருந்தார். எங்கள் தெருக்களில் எல்லா வீட்டிலும் இதே தட்டுதான். சாவு வீட்டில் சமைக்கும்போது கலந்துவிடும் என்பதால் அவரவர் தட்டின் அடியில் நகப்பூச்சால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம். ஆக்னஸின் அடையாளம் இரண்டு சிவப்புப் புள்ளிகள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால், ஏதாவது செய்து வைத்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

மே மாதம் பத்தாம் தேதி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திரு. சாம்பா முறைப்படி பெண் கேட்டு வந்தார். என் கணவர் நல்லது கெட்டதுக்கு மட்டும் எடுக்கும் பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். நான் முழந்தாளிட்டுத் தண்ணீர் கொடுத்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆண்கள் பேசும் அறையில் அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. மேசை மீது வெள்ளைத் துணியால் மூடிய ஒன்று இருந்ததைப் பார்த்தேன். துணிக்குள் இருந்த தட்டை நான் பார்க்கவில்லை. உள்ளே வெள்ளை மணிச்சரம் ஒன்று இருந்ததாகப் பிறகு என் கணவர் சொன்னார். பெண் வீட்டார் தட்டை வைத்துக்கொண்டால் சம்மதம், உள்ளே இருப்பதோடு திருப்பி அனுப்பினால் மறுப்பு என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்ததே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் வந்து பார்த்ததும் பதில் சொல்வதாகப் பேசி முடித்தார்கள். திரு. சாம்பா போன பிறகு, தட்டும் மணியும் எங்கே என்று காங்வா கேட்டாள். "பத்திரமா வச்சிருக்கேன், நீ கவலைப்படாத" என்றார். அவள் கவலைப்பட்டாள். எங்கள் வீட்டில் பத்திரமாக வைக்கப்பட்டவைதான் திரும்ப வருவதே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே அவர் தம் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றார். நான் தொடர்ந்து சாப்பிட்டேன். அதன் பிறகு என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும் அது என்னிடம் இருக்கிறது.

மே பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை காலை, கழுவிய பாத்திரம் கவிழ்க்கும் இடத்தில் நீல விளிம்பு போட்ட இரண்டு வெள்ளைத் தட்டுகள் கவிழ்ந்திருந்தன. திருப்பிப் பார்த்தேன். இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. புழு வந்த தட்டுகள் என்று எடுத்துக்கொண்டேன். அவித்த வேர்க்கடலையை ஒரு தட்டில் நிரப்பி, மற்றதால் மூடி, வேலைக்குப் போகும் வழியில் ஆக்னஸிடம் நானே கொடுத்தேன். அவர் வாசலிலேயே மூடியைத் திறந்து பார்த்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு "சரிங்க காங்வா அம்மா, புரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். கடலைக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

இதில் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தட்டு யாருடையது என்பதில் நான் தவறவில்லை. திரு. சாம்பா நிச்சயத்துக்கும் தம் வீட்டுத் தட்டுகளிலேயே புதிய இரண்டை, ஒன்றால் மற்றதை மூடிக் கொண்டுவந்திருந்தார். அது ஆக்னஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அண்ணன் வந்து பார்ப்பதற்குள் தட்டு சுத்தமாக இருக்கட்டும் என்று என் கணவர் முந்தின நாள் அவற்றைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். திருமணமான நாளிலிருந்து அவர் ஒரு தட்டைக் கழுவியதாக எனக்கு நினைவில்லை. அதனால் அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மே பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் வந்தார். தட்டைக் கொண்டுவரச் சொன்னார். என் கணவர் படுக்கையறைக்குப் போனார், சமையலறைக்கு வந்தார், பின்பு கொட்டகைக்குப் போனார். அண்ணன் மூன்று கோப்பை தேநீர் குடித்தார். கடைசியில் என் கணவர் சமையலறைக்குள் வந்து தணிந்த குரலில், "காங்வா அம்மா, இது ஒண்ண மட்டும் தேடிக் குடு" என்றார். எனக்குத் தெரியாது, நான் தேடுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். பெண்ணின் காரியத்திலுமா என்று கேட்டார். வைத்தவர் எடுக்கட்டும் என்றேன். அண்ணன் பதில் எதுவும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை கலுபா என் மகளுக்குப் போன் செய்தான். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களே, என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதாக அவள் சொன்னாள். அப்போதுதான் அந்த இரண்டு தட்டுகள் எவை என்று எனக்குத் தெரிந்தது. காங்வா அழவில்லை. சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து, துடைத்து, திரும்ப அடுக்கினாள். முடித்ததும் மறுபடி முதல் அலமாரியிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நேத்து நீங்க தேடியிருந்தா பெரியப்பா அப்பவே பதில் சொல்லியிருப்பார். உங்களுக்கும் அப்பாவுக்கும் நடக்கற சண்டையில என் கல்யாணத்த எதுக்கும்மா இழுக்கறீங்க?" என்றாள்.

மே இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை நான் ஆக்னஸ் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "மறுக்கணும்னா மணியோட திருப்பணும். சம்மதம்னா தட்ட வச்சுக்கணும். நீங்க தட்டக் குடுத்துட்டு மணிய வச்சுக்கிட்டீங்க. இது என்ன கணக்குன்னு படிச்சவங்க நீங்களே சொல்லுங்க" என்றார். மணிச்சரத்தைக் கொண்டுவந்து காட்டினால் தம் கணவரிடம் பேசுவதாகவும் சொன்னார். மனு அன்று காலையே கொடுக்கப்பட்டுவிட்டது.

அதன் பிறகு ஒரு வாரம் நான் தேடினேன். என் தொழில் முறைப்படி வீட்டை அறை அறையாக, அலமாரி அலமாரியாகப் பிரித்து, பார்த்த இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போட்டுத் தேடினேன். மாவுப் பீப்பாயைக் கொட்டிச் சலித்தேன். பீரோவில் இருந்த எல்லா உடைகளின் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தேன். கொட்டகையில் புழு வந்த தட்டுகள் கிடைத்தன. அவற்றில் என் கணவர் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார். திருகாணிகளுக்கு நடுவில் அவருடைய கண்ணாடியும் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன். நான் தேடியது மணிச்சரத்தை மட்டும்தான். மற்றவை பற்றிய என் முடிவு மாறவில்லை. மணிச்சரம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் என் கணவர் என் பின்னாலேயே நடந்து வந்து, நான் பார்த்த இடங்களையெல்லாம் தாம் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

இன்று மே இருபத்தெட்டாம் தேதி. நாங்கள் மூவரும் காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு, வழியில் தையற்காரரிடம் நின்று, இங்கு வந்து சேர்ந்தோம்.

இந்த வாக்கியத்தை எழுத்தர் எழுதும்போது நான் நிறுத்தச் சொன்னேன். தையற்காரரிடம் எதற்காக நின்றீர்கள் என்று அவர் கேட்டார். பத்தாம் தேதி என் கணவரின் கோட்டில் பொத்தான் அறுந்துவிட்டது, பன்னிரண்டாம் தேதி அதைத் தைக்கக் கொடுத்தார், இன்று காலைதான் வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மணி வாங்கிய அன்று அவர் போட்டிருந்தது இந்தக் கோட்டுதான் என்றும், நான் தேடிய ஒரு வாரமும் அது வீட்டில் இல்லை என்றும் எனக்கு விளங்கியது. எழுத்தர் தேதிவாரியாகச் சொல்லச் சொல்லியிருக்காவிட்டால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

என் கணவர் எதிர் பெஞ்சில் காங்வாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "காங்வா அப்பா, கோட்டு உள்பையப் பாருங்க" என்றேன்.

"அங்கெல்லாம் பாத்தாச்சு."

"பாருங்க."

அவர் உள்பையில் கைவிட்டு ஒரு ஃபியூஸ், கம்பித் துண்டு, போன மாதம் நடந்த ஒரு சாவின் அறிவிப்புத் தாள், கடைசியாகத் தம் கண்ணாடிக் கூடு ஆகியவற்றை வெளியே எடுத்தார். கூட்டைத் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை. வெள்ளை மணிச்சரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பத்திரமா இருக்குன்னு" என்றார்.

காங்வா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

திரு. சாம்பா எழுந்து வந்து மணியை வாங்கி எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை என்றார். அதன் பிறகு அதை என் கணவரிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். ஆக்னஸ் தம் இடத்திலிருந்தே, "கடலை நல்லாத்தான் இருந்துச்சு, காங்வா அம்மா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார். தட்டுகளை இன்று மாலையே எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவதாகவும், மனுவைத் தொடர விருப்பமில்லை என்றும் திரு. சாம்பா எழுத்தரிடம் தெரிவித்தார்.

தட்டைத் திருப்பிக் கொடுத்தது நான். மறுப்பதற்காகக் கொடுக்கவில்லை. மணியை மறந்தது என் கணவர். அவமதிப்பதற்காக வைத்துக்கொள்ளவில்லை. மே பதினெட்டாம் தேதி நான் அவருடன் சேர்ந்து தேட உட்கார்ந்திருந்தால், கடைசியாக எதைப் போட்டிருந்தீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். இருபத்தேழு ஆண்டுகளாக அப்படித்தான் கேட்டுவந்தேன். அன்று கேட்கவில்லை. அது என் குற்றம். இதை என் மகள் கேட்கும்படி இங்கே சொல்கிறேன். என் கணவரின் கண்ணாடி கொட்டகையில் திருகாணித் தட்டில் இருக்கிறது என்பதையும் இந்த வாக்குமூலத்தின் மூலம் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும்தான். யாருடைய தூண்டுதலும் இல்லை. எழுத்தர் தாளை என்னிடம் நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் கண்ணாடியைத் தரும்படி என் கணவரிடம் கேட்டேன். அவர் சட்டைப்பை, கால்சட்டைப்பை, கோட்டின் நான்கு பைகள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கதான வச்சேன்" என்றார்.

ஆகவே எழுத்தர் படித்துக் காட்ட, நான் காதால் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
பிரிஸ்கா இன்கண்டு