ஆறு வருடம் ஆன கன்னம்

பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்து மூன்று. ஏட்டு ஐயா என்னைப் பார்த்துவிட்டு நாற்பத்தெட்டு என்று எழுதியதை அடிக்கச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். தரை டைல்ஸ் செய்யும் ஆலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிறேன். அங்கே எல்லோரும் என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். அதை மாற்றுப்பெயராக எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டார்.

என் வேலை, இருட்டு அறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து டைல்ஸைப் பார்ப்பது. சாய்ந்த வெளிச்சத்தில் சின்னக் குழிக்கும் நிழல் விழும். புது டைல்ஸ் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும் என்பதால், ஆறு வருடத்துக்கு முன் வாங்கியவர்கள் வீட்டுக்கும் போய்த் தரையைப் பார்ப்போம். மேலே மெழுகு பூசியிருந்தால் ஸ்பிரிட் துணியால் ஓரமாகத் துடைத்துப் பார்ப்போம். இதற்காக இதுவரை யாரும் போலீஸைக் கூப்பிட்டதில்லை.

எனக்குப் பதினாறு வயதில் முகம் முழுக்கப் பரு வந்து, போகும்போது குழிகளை விட்டுவிட்டுப் போனது. இருட்டு அறை வேலையை நானே கேட்டு வாங்கினேன் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். போன மாதம் நிர்வாகம், வருகிற மாதம் முதல் என்னை விற்பனைக் கூடத்துக்கு மாற்றி உத்தரவு போட்டது. அங்கே கூரை முழுக்க விளக்கு. உத்தரவைப் படித்துவிட்டு அழுதேன். அதன் பிறகு தோல் டாக்டரைப் பார்த்தேன். லேசரால் முகத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டால் புதுத் தோல் வளரும், சில நாள் வீங்கிச் சிவந்திருக்கும், அதன் பிறகும் வெயில் ஆகாது, சிலருக்குக் கருமை தட்டும் என்று சொல்லி, வருகிற திங்கட்கிழமைக்கு நேரம் கொடுத்தார். வீட்டில் அக்கா, "இருக்கிற மூஞ்சியையும் உரிச்சுக்கிட்டு வந்து நிக்காதே" என்றாள். வீட்டுக்காரர், "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். கல்யாணம் ஆன நாள் முதல் எல்லாவற்றுக்கும் அவர் அதைத்தான் சொல்கிறார்.

செய்துகொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போனது. டாக்டர் காட்டிய ஆல்பத்தில் இருந்ததெல்லாம் மூன்று மாதப் படங்கள். ஆறு வருடம் ஆன ஆளைக் காட்டுங்கள் என்றேன். ஒருவர் படத்தைக் காட்டி, இவர் இருக்கிறார், யார் என்று சொல்லக் கூடாது என்றார். கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். இடது காதுக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு மச்சம் இருந்ததை யாரும் மறைக்கவில்லை.

அதன் பிறகு ஒன்பதாம் நாள், வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி என்று ஏதாவது புத்தகம் கிடைக்குமா என்று நூலகத்துக்குப் போனேன். புத்தகம் பதிந்து கொடுக்கும் இடத்தில் அந்த இரண்டு மச்சமும் உட்கார்ந்திருந்தன. அவர்தான் புகார்தாரர். எனக்கு வந்த சந்தோஷத்தில் கேட்க வந்த புத்தகத்தை மறந்துவிட்டேன். அன்று நேராகப் பார்த்தேன். மறுநாள் இடப்பக்கமும், அதற்கு மறுநாள் வலப்பக்கமும் நின்று பார்த்தேன். சும்மா நிற்க முடியாது என்பதால் கோழி வளர்ப்பு, நாய்களின் மனநிலை, வீட்டிலேயே மெழுகுவத்தி ஆகிய புத்தகங்களை எடுத்தேன். எதையும் படிக்கவில்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு டார்ச்சோடு போனேன். "மேடம், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றேன். அவர் திரும்பினார். சாய்த்து அடித்துப் பார்த்துவிட்டு, "மேல ஒரு கோட் அடிச்சிருக்கீங்க, அடியில என்ன இருக்குன்னு தெரியல, ஓரமா துடைச்சுப் பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டு, பையிலிருந்து ஸ்பிரிட் துணியை எடுத்தேன். ஆலையில் இயந்திரச் சத்தத்தோடு பேசிப் பேசி என் குரல் அப்படித்தான் இருக்கும். படித்துக்கொண்டிருந்த பதினான்கு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதன் பிறகு புகார்தாரர் காவலாளியைக் கூப்பிட்டார்.

முகத்தில் வெளிச்சம் அடித்ததை ஒப்புக்கொள்கிறேன். பலர் முன்னால் இழிவுபடுத்தியதாகச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. பூச்சு ஒரே சீராக இருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறேன், அதைப் புகாரில் விட்டுவிட்டார்.

இதுவரை சொன்னதை இந்த நிலையத்தில் ஏட்டு ஐயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது புகார்தாரர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு எழுந்து, குழாய் எங்கே என்று கேட்டுப் போய், சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சன்னல் பக்கம் நின்றார். "பாரும்மா. நல்லாப் பாரு" என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, இருந்தாலும் பார்த்தேன். குழிகள் ஆழம் இல்லாமல் ஆகியிருந்தன, விளிம்புகள் மழுங்கியிருந்தன. கன்னத்து மேட்டில் லேசான கருமை. கண்ணோரச் சுருக்கத்தை லேசர் ஒன்றும் தடுத்து நிறுத்தவில்லை. "தேறும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் ஏட்டு ஐயா எழுதுவதை நிறுத்தி, தன் கன்னத்தையும் சன்னல் பக்கம் திருப்பி, எப்படி என்று கேட்டார். முதலில் இதை முடிப்போம் என்றேன்.

அப்புறம் ஏன் மேடம் இவ்வளவு பூச்சு என்று கேட்டேன்.

"மூணு தடவை சுட்டுக்கிட்டேன். குழி பாதி போச்சு. எதிர்ல ஆள் வந்து நின்னா வர்ற பயம் அப்படியே இருக்கு" என்றார்.

"அப்ப வேண்டாங்கறீங்களா?"

"நான் எப்ப வேண்டாம்னேன்? காலையில மூஞ்சி கழுவறப்போ கைக்கு வழவழன்னு இருக்கு. அந்தச் சந்தோஷம் இன்னிக்கும் குறையல. அதுக்குன்னா பண்ணிக்கோ. பயம் போகணும்னா பண்ணிக்காதே."

இருபத்தேழு வருடமாக என் முகத்தை நான் விரலால் தொட்டுக் கழுவியதில்லை, துண்டை நனைத்து ஒற்றிக்கொள்வேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை நான் போகிறேன், அவரும் கூட வருகிறார்.

கடைசியாக ஏட்டு ஐயா அங்க அடையாளம் கேட்டார். வலது கன்னத்தில் தழும்பு என்றேன். "திங்கட்கிழமைக்கு அப்புறம் அது இருக்குமாம்மா?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாதி இருக்கும், மையிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாருடைய மிரட்டலுக்கும் பயந்து சொல்லவில்லை.

(ஒப்பம்)