பதிவில் இல்லாத தட்டல்

நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவனுக்கு மணிக்கட்டு வலிக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். என் அப்பா சுமத்ராவில் பெலாவான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். முதுகு நிமிராமல்தான் வீடு திரும்புவார். மகனாவது உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று படிக்க வைத்தார். பாத்தாம் தீவில் ஒரு கப்பல் பட்டறையில் உட்கார்ந்தேன்.

பழைய கிரேனை அறைக்குள்ளிருந்து இயக்கும் நிரல் நான் எழுதியது. திரையில் கிரேனும் சுமையும் படமாக அசையும். ஒரு விசையைத் தட்டினால் சுமை மெதுவாக இறங்கும். மறுபடி தட்டினால் வேகம் கூடும். நிறுத்துவதற்கு நீளமான விசை. கோளாறு என்னவென்றால், ஒரு தட்டலை நிரல் இரண்டாக எண்ணியது.

கிரேன் ஓட்டியவர் தோகார் சிம்போலோன். என்னைவிட மூத்தவர், ஆனாலும் படாக் இனத்து ஆட்கள் நாங்கள், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

“மச்சான், மெதுவா எறங்குன்னு ஒரு தட்டு தட்டினா தொபுக்குனு வருது. உன் கம்ப்யூட்டருக்கு என்ன விக்கலா?”

“ரெண்டு நாள் பொறுங்க மச்சான்.”

“தண்ணி குடுத்துப் பாரு.”

மூன்று நாள் தேடினேன். காரணம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்ப்பதாக இருந்தது. அதனால் ஒரு வரி சேர்த்தேன்: ஒரு தட்டலுக்குப் பிறகு அரை நொடிக்குள் எது வந்தாலும் தள்ளிவிடு. என் வலிக்கும் கையால் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தட்டிச் சோதித்தேன். விக்கல் நின்றது. தோகார் எனக்கு ஒரு தட்டு பன்றிக்கறி வாங்கித் தந்தார்.

‘எது வந்தாலும்’ என்பதில் நிறுத்து விசையும் அடக்கம். அது எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு நாள் கழித்து, மூன்று டன் இரும்புத் தகடு தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. தோகார் இறக்கத் தட்டினார். அதே கணம் யுஸ்ரான் என்கிற தொழிலாளி, அடியில் கோணலாகக் கிடந்த கட்டையை நேராக்கக் குனிந்தான். தோகார் உடனே நிறுத்து விசையைத் தட்டினார். அவர் விரல் வேகமான விரல். நின்றிருக்கும் என்று நம்பி, ஒலிபெருக்கியில் அவனைத் திட்டத் திரும்பினார்.

“டேய் யுஸ்ரான், தலைய எடுடா, அங்க என்ன புதையலா...”

தகடு நிற்கவில்லை. யுஸ்ரானுக்கு இருபத்தாறு வயது.

அன்று மதியமே நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். விசையை அமுக்குவதும் விரலை எடுப்பதும் தனித்தனிச் செய்தியாக வந்தன. நான் இரண்டையும் தட்டலாக எண்ணியிருந்தேன். கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. சரிசெய்தேன். அந்த ஒரு வரியை அழித்தேன். நல்ல வேலை என்று அப்போது நினைத்ததும் உண்மை.

விசாரணையில் தோகார் சொன்னதையே சொன்னார். “அமுக்கினேன் ஐயா. என் விரல் எனக்குத் தெரியாதா?”

எந்த விசை எப்போது தட்டப்பட்டது என்று நிரல் குறித்துவைக்கும் பதிவை அதிகாரி என்னிடம் கேட்டார். நிரல் தள்ளிவிட்ட தட்டல் பதிவில் ஏறாது. அது எனக்குத் தெரியும். பதிவில் நிறுத்து விசை இல்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது குழந்தை பிறந்து நாற்பது நாள்.

தோகார் சிறையில் இருந்தவரை, மாதாமாதம் அவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி ரோஸ்மைடா, “நீங்க ஒருத்தர்தான் எங்கள மறக்கல” என்பார். நான் காபி குடித்துவிட்டு வருவேன்.

போன மாதம் வெளியே வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். விரல்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அமுக்கலையோன்னு இப்ப எனக்கே தோணுது மச்சான். நீ என்ன நினைக்கிற?”

“அத விடுங்க மச்சான், சாப்பிடுங்க” என்றேன். அவர் தலையாட்டினார், சாப்பிட்டார்.

அவர் அமுக்கினார். அந்தத் தட்டலைத் தின்றது என் வரி. தோகாருக்கு நான் மூன்று வருடம் நான்கு மாதம் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.