ரெண்டு பல் பட்ட வழக்கு

— காலைக் கீழே வைங்க. அது ஃபைல் வைக்கற ஸ்டூல்.

— காயத்தைக் காட்டினாத்தானே பாப்பா, வக்கீலுக்கு வழக்கு புரியும்.

— இங்க பாப்பா யாரும் இல்ல. வெளியே போர்டுல வழக்கறிஞர்னு போட்டிருக்கு. பாத்துட்டுத்தானே உள்ள வந்தீங்க?

— பாத்தேன். கூடப்பிறந்த அண்ணனை வாங்க போங்கன்னு கூப்பிடற அளவுக்குப் பெரிய போர்டுதான்.

— மூணு வருஷமா எட்டிப் பாக்காத அண்ணனை வேற எப்படிக் கூப்பிடறதாம்? சரி, நாய் எங்க கடிச்சுது?

— வாசல்ல.

— கால்ல எங்கன்னு கேட்டேன்.

— ஆடுசதையில. இங்க பாரு. கொஞ்சம் கிட்ட வா. லைட்டைப் போடு. இன்னும் கிட்ட.

— ஒண்ணும் தெரியலையே.

— ரெண்டு புள்ளி இருக்கும். நல்லாப் பாரு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவும் இப்படித்தான் கண்ணாடியை ஏத்தி ஏத்திப் பாத்தாங்க. கடைசியில, எந்தக் கால்னு சொன்னீங்கன்னு கேட்டாங்க. வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க, இருந்த மானமும் பஸ் ஏறிப் போச்சு.

— ஊசி போட்டுக்கிட்டியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல. உனக்கு ஊசின்னாலே ஆகாது. ரெண்டு போட்டுட்டு மூணாவதுக்கு ஓடி ஒளிஞ்சிருப்பே.

— மூணு ஆச்சு. மிச்சத்துக்குத் தேதி போட்ட சீட்டு உங்க அண்ணி கையில. அவ விடுவாளா? வாழ்க்கை பூரா ஊரார் துணியை ஊசியால குத்தினவன் நான். அந்த ஊசி என் பக்கம் திரும்பினா மட்டும் மயக்கம் வருது. அட, இப்ப நீன்னு சொன்னே.

— வாய் தவறி வந்துடுச்சு. தேதி சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

— போன வாரம் திங்கக்கிழமை. காலையில, கடை திறக்கக் கிளம்பினப்போ.

— நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?

— வருஷா வருஷம் போடறாங்க. அந்தச் சீட்டையும் பாத்துட்டேன். நாய் என்னைவிட ஒழுங்கு.

— எவ்வளவு பெரிய நாய்?

— எதைச் சொல்றது? கடிச்ச நாயா, கடையில சொன்ன நாயா?

— ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?

— கடிச்சது முயல் அளவு. திங்கக்கிழமை கடைக்கு வந்தவங்ககிட்ட அப்படித்தான் சொன்னேன். யாரும் காது கொடுக்கல. புதன்கிழமை கொஞ்சம் வளத்து விட்டேன். வெள்ளிக்கிழமை அது கன்னுக்குட்டி ஆயிடுச்சு. அளவு கொடுக்க வந்த பெரிய வக்கீல் ஒருத்தர், கையைத் தூக்கி நின்னபடியே, விடாதீங்க டெய்லர், கேஸ் போடுங்கன்னுட்டார். அப்புறம் எப்படி அதை மறுபடி முயலாக்கறது?

— அப்ப அவர்கிட்டயே போக வேண்டியதுதானே. கோர்ட்டே உங்க கடையிலதான் கோட்டு தைச்சுக்குது. வரிசையா நின்னா பாதிப் பேர் முதுகுல உங்க தையல். நான் ஒருத்திதான் ரெடிமேட்.

— வந்ததுலேருந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஆணியில தொங்குதே, அந்தக் கோட்டு. தோள்பட்டை ரெண்டு விரல் இறங்கியிருக்கு. கழுத்துக்கிட்ட தூக்குது. எவன் வெட்டினான்?

— தெரியாது. கடையில அடுக்கி வெச்சிருந்தாங்க. அண்ணன் தைச்சுக் கொடுக்காதவங்களுக்கு அப்படித்தான் கிடைக்கும்.

— பாப்பா...

— இல்ல, நீங்க சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. பரீட்சையில தேறி வந்து நிக்கறேன். உன்னை நம்பி எவன் கேஸ் கொடுப்பான்னு கேட்டீங்க. அதுவும் கடையில, நாலு பேர் முன்னாடி. அப்பாவுக்கு நாம ரெண்டே பேரு. இந்த ஆபீஸைத் திறந்த அன்னிக்கு என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாவே கிடந்தது. கூட்டம் கலையற வரைக்கும் அதுல யாரையும் உக்கார விடல நான்.

— அதான் இப்ப நான் கொடுக்கறேன்ல கேஸு.

— நாய்க்கடிக் கேஸ்!

— கையில இருந்தது அதுதான்.

— சரி. கட்சிக்காரரா வந்திருக்கீங்க, கட்சிக்காரராவே பேசுவோம். ஆதாரம் என்ன இருக்கு?

— இதோ, பேண்ட். பையிலயே கொண்டு வந்துட்டேன்.

— எங்க கிழிஞ்சிருக்கு?

— கண்டுபிடி பாக்கலாம்.

— விளையாடாதீங்க.

— கிடைக்காது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, அப்பவும் கிடைக்காது. உள் மடிப்புலேருந்து நூல் உருவி, இழை இழையாக் கோத்து அடைச்சுட்டேன். நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வேலை செஞ்சதில்ல.

— வழக்குக்கு இருந்ததே இந்த ஒரு ஆதாரம். அதையும் நீங்களே தைச்சு மூடிட்டீங்க.

— கிழிசலைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. முடிச்சு நூலை வெட்டினப்புறம்தான் உறைச்சுது, அடப்பாவி, இதையில்ல கோர்ட்டுல காட்டணும்னு. பிரிச்சுடலாமான்னும் பாத்தேன். அவ்வளவு நல்லா வந்திருந்ததா, மனசு வரல.

— சாட்சி?

— உங்க அண்ணி இருந்தா. ஆனா அவளைக் கூண்டுல ஏத்தாதே. நாய் பக்கம்தான் பேசுவா.

— ஏன்?

— நான் வாலை மிதிச்சதை அவ பாத்துட்டா.

— வாலை மிதிச்சீங்களா? இதை இவ்வளவு நேரமாச் சொல்லவே இல்லையே.

— நீ கடியைப் பத்தித்தானே கேட்டே. கடி ரெண்டாவதா நடந்தது.

— கண்ணை எங்க வெச்சுக்கிட்டு நடந்தீங்க?

— போன்ல. ஒரு நம்பர் எடுத்து வெச்சிருந்தேன். கூப்பிடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே காலை வெச்சேன். அது வாசப்படியில படுத்திருந்தது. அந்த நம்பர் கிடக்கட்டும். வக்கீல் வைக்கணுமா, வேணாமா? அதுக்குப் பதில் சொல்லு.

— வேண்டாம். எழுதியே தரேன். காயம் ஆறிடுச்சு. துணியைத் தைச்சாச்சு. முதல்ல மிதிச்சது நீங்க. இந்த வழக்கு மேல போனா எந்த நீதிபதியும் நாய்க்குத்தான் இழப்பீடு கொடுப்பார். நாயோட சொந்தக்காரர்கிட்ட நேராப் போய்ப் பேசுங்க. பாதி வழக்கு அதுலயே தீந்துடும்.

— அவன்கிட்டப் பேச முடியாது.

— யாரு அவன்?

— எங்க தெருதான். உனக்கும் தெரிஞ்ச ஆள். வக்கீல் வேணும்னு நீ சொன்னா பேரைச் சொல்றேன். வேணாம்னா எதுக்கு ஒரு மனுஷனைச் சந்தி சிரிக்க வைக்கணும்?

— நாய் கடிச்சதும் வந்து பாத்தாரா? ஒரு வார்த்தை கேட்டாரா?

— ம்ஹூம்.

— மன்னிச்சுக்கோன்னு கூடச் சொல்லலையா?

— அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தப்புன்னு தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிடுவான். முழுங்கிட்டு, வெளியே ரொம்ப மும்முரமா வேலை செய்யற மாதிரி நடிப்பான்.

— எனக்கு இந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாத்தான் பத்திக்கிட்டு வருது. நாய் கடிச்சா ஊசி இருக்கு, ஆறிடும். தப்பைப் பண்ணிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தா, அடுத்தவங்க என்ன பண்றது? உள்ளேயே வெச்சுப் புழுங்க வேண்டியதுதான். அவங்களுக்கு என்னிக்காவது தெரியுமா அது?

— தெரியும் பாப்பா. தெரியாமலா இருக்கும்?

— தெரிஞ்சா வரணும்ல? இவ்வளவு நாள் ஆச்சு. ஒரு எட்டு வந்தா காலா தேஞ்சு போயிடும்?

— அதையேன் கேக்கறே. தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போற ஆளு அவன். ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை.

— நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசறே? கடிபட்டது நீ. முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். வக்கீல் வேணும். நானே எடுத்துக்கறேன் இந்தக் கேஸை.

— நெசமாவா?

— பணம் கிணம் எதுவும் கேக்கப் போறதில்ல. நோட்டீஸ் ஒண்ணு, அதுல ஒரே ஒரு கோரிக்கை. நேர்ல வந்து, முகத்தைப் பாத்து, தப்புதான்னு சொல்லணும். அவ்வளவுதான்.

— அவன் கொஞ்சம் தடுமாறுவான் பாப்பா. வந்து உக்காந்துட்டு, அதைச் சொல்ல வராம, வேற எதையாவது உளறிக்கிட்டிருந்தா?

— உளறட்டும். வந்துட்டான்ல? அதுக்கப்புறம் வார்த்தை எப்படி வந்தா என்ன? நானா இருந்தா தண்ணி கொடுத்து, மெதுவாச் சொல்லுன்னுதான் சொல்லுவேன். மனுஷன் வர்றதுதான் பெரிசு.

— அப்ப எழுது. இப்பவே எழுது.

— இரு, பேனா எடுத்துக்கறேன். பேரு எப்படியும் உன் வாய்லேருந்து லேசுல வராது, அதைக் கடைசியாப் போட்டுக்கலாம். நாய் சொந்தக்காரரோட தகப்பனார் பேர் தெரியுமா உனக்கு?

— உன் தகப்பனார் பேரையே எழுதிக்கோ, பாப்பா. அது நான் வளக்கற நாய்தான்.