கொதிக்க வைத்தாலும் போகாதது

தலைமை இருக்கையில் அமர்ந்து எங்கள் தாகத்தின் கதையைக் கேட்க இசைந்திருக்கும் ஐயா அவர்களே! அன்றாட வேலையை விட்டுவிட்டு வந்து வெயிலில் நிற்கும் பெரியோர்களே! குடத்தை வரிசையில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் குடிநீர் அலுவலர்களே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் தையற்காரன். மேடையேறிப் பழக்கமில்லை. என்ன ஐயா, பின்னால் கேட்கவில்லையா? சரி, உரக்கவே சொல்கிறேன்.

கலங்கிய நீரைக் கண் காட்டிக்கொடுக்கும். நாறிய நீரை மூக்கு காட்டிக்கொடுக்கும். கண்ணாடிபோல் தெளிந்து, கற்கண்டுபோல் இனித்து, கண்ணெதிரே குழந்தையைக் கொல்லும் நீரை எந்தத் தாய் கண்டுபிடிப்பாள்?

என் தங்கைக்குத் தலைப்பிள்ளை, பெண்பிள்ளை. பிரசவத்தோடு வந்த காய்ச்சலில் தாய்ப்பால் வற்றிவிட்டது. பால்பொடிதான் கதி. ஆனால் அவளைப் போல் அக்கறையுள்ளவள் உண்டா? குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். அது போதாதென்று மறுபடியும் கொதிக்க வைப்பாள். “அடுப்பே உருகிடும் போலிருக்கே!” என்று மாமியார் கேலி செய்தாலும் விடமாட்டாள்.

ஒருநாள் குழந்தையின் நிறம் மங்கியது. “அப்பன் நிறம் வருதுடி, நல்லா உரிச்சு வச்சிருக்கு!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்தோம் ஐயா, எல்லோரும் சிரித்தோம்! தங்கைக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. தண்ணீரை இன்னும் அதிகமாகச் சுண்டக் காய்ச்சினாள். குழந்தையோ இன்னும் துவண்டது. ஒரு பிற்பகல் அதன் உதடும் நகமும் நீலம் பாரித்தன. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. ஆட்டோவில் பக்கத்து மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம்.

குழந்தையின் இரத்தம் ஊசியில் பழுப்பாக ஏறியது. டாக்டரம்மா நிமிர்ந்தார்.

“எந்தத் தண்ணில பால் கலக்குற?”

“ஊர்க் குழாய்த் தண்ணிதாங்க. நல்லா காய்ச்சித்தாங்க குடுக்கிறேன்!”

அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்தார். பிறகுதான் சொன்னார்: “கொதிக்க வச்சா கிருமிதாம்மா சாகும். வயல்ல போடுற உரத்தோட உப்பு, குழாய்க்குத் தண்ணி வர்ற கிணத்துல இறங்கியிருக்கு. அது போகாது. தண்ணி சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். பெரியவங்க உடம்பு தாங்கும். பச்சக் குழந்தைக்கு மூச்சு ரத்தத்துல நிக்காது.”

அதற்கான மருந்து அங்கே இல்லை. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே, தாயின் மடியிலேயே, அந்தச் சின்ன மூச்சு நின்றது.

அழாதீர்கள் அம்மா. இன்னும் கேளுங்கள்.

காரியம் முடிந்ததும் தங்கை என்னைக் கூட்டிக்கொண்டு குடிநீர் அலுவலகம் போனாள். அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “பரிசோதனையில தெரிஞ்சதும்மா. அளவு மீறித்தான் இருந்துச்சு. ரூல்படி நோட்டீஸும் ஒட்டிட்டோம்” என்றார்.

எங்கே? அலுவலக நடைவழியில், கண்ணாடிப் பலகைக்குள்!

தங்கை கத்தவில்லை, சாபமிடவில்லை. “நான் இங்க தண்ணி பிடிக்க வரலையே சார்? குழாயடிக்குத்தானே வந்தேன். அங்க ஒட்டியிருக்கலாமே?” என்றாள்.

அவர் நடைவழிப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அலுவலர்களே, உங்களிடம் பதில் இருக்கிறதா? சோதித்தார்கள், சொல்லவில்லை! எழுதினார்கள், எட்டவில்லை! ஒட்டினார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை! விதிமுறை பிழைத்துக்கொண்டது, எங்கள் வீட்டு விளக்கு அணைந்துவிட்டது!

கைதட்ட வேண்டாம் ஐயா, கைதட்டும் செய்தியா இது? இன்றும் அதே கிணறு, அதே குழாய். நாங்கள் கேட்பது அரண்மனையல்ல. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வேறு நல்ல நீர் தாருங்கள். நீர் கெட்டால் வாசலுக்கு வந்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் தங்கை இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. குழாயடியில் நிற்கிறாள். கைக்குழந்தைக்காரி யார் வந்தாலும், “கொதிக்க வச்சாலும் போகாதுக்கா, பாப்பாவுக்குக் குடுக்காதீங்க” என்கிறாள். ‘பிள்ளையைத் தின்றவள்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவள் நகர்வதில்லை.

திரும்பிப் போகும் வழியில் அவள் உங்களை மறித்தால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். இதுவரை செவி கொடுத்தவர்களுக்கு என் நன்றி. இனி கேட்கப் போகிறவர்களுக்கு என் வணக்கம்.