இரண்டாவது மூச்சில் திராட்சை

தலைமை தாங்கும் தம்பி கௌதமன் அவர்களே! தடியூன்றி வந்தாலும் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! "இந்தக் கிழவன் கையில் மைக்கா?" என்று முகம் சுளிக்கும் தாய்மார்களே! நந்திதுர்க் மண்டபம் மணக்க மணக்க வணக்கம்!

நாடு முதன்முதலாகக் கிரிக்கெட் உலகக் கோப்பை வாங்கிய வருஷம். எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்புக்கு முதல் டிவி வந்த வருஷம். எனக்குப் 'பீடிமூக்கன்' என்று பட்டம் வந்த வருஷமும் அதுதான்! தங்கச் சுரங்கத்தின் அடியில் கட்டை கருகும் வாடை என் மூக்கில் ஏறியது. "கேஜ்ல ஏறுங்கடா!" என்று கத்தினேன். பன்னிரண்டு பேரும் அந்தக் கூண்டு லிஃப்டில் மேலே வந்தோம். தேடினார்கள், நெருப்பில்லை. கூடவே ஏறி வந்த மேஸ்திரி லாய்ட் சொன்னார்: "பீடிப் புகைக்குப் பயந்து ஓடியாந்துட்டான்!" கல்யாணமா, சாவா, நாற்பது வருஷமாய் அதே பாட்டு!

இன்று லாய்டுக்கு எண்பது. அவர் மகள் பெங்களூரிலிருந்து விஸ்கி கொண்டுவந்தாள். பாட்டிலில் ஒட்டிய சீட்டைத் துண்டால் மூடி என்னிடம் சவால் விட்டார் லாய்ட்: "இதுல இன்னா இருக்குதுன்னு சொல்லுப்பா. சொல்லிட்டா, அன்னிக்கிப் புகை இருந்துச்சுன்னு மைக்ல ஒத்துக்கிறேன்."

எழுத்தே தெரியாத எனக்கு எதற்கையா துண்டு?

தலைவர் முகர்ந்தார்: "ஆஸ்பத்திரி டிஞ்சர்!" பக்கத்து நாற்காலி ராஜப்பா முகர்ந்தார்: "எங்க வீட்டாண்ட தாரு ரோடு போட்டப்ப இதே வாடைப்பா!" நான் பொறுத்தேன். வெடி வைத்த பிறகு முதல் மூச்சு புகைக்கு, இரண்டாவது மூச்சுதான் நமக்கு. கீழே இறங்கியவனுக்கு இது தெரியாதா? புகை விலகியது. அதன் பின்னால், ஆகா, புளிப்பும் இனிப்புமாய்க் கறுப்புத் திராட்சை! லாய்ட் வீட்டு ஐடா அம்மா கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் ஊறப்போடும் ஒயினேதான்!

"ஒயின் பீப்பாயில் படுத்துத் தூங்கிய புகை!" என்றேன்.

மகள் துண்டை உருவிப் படித்தாள்: "சதுப்பு மண்ணை எரித்த புகையில் வாட்டிய பார்லி. சிவப்பு ஒயின் பீப்பாயில் ஏழு வருஷம்."

பொறுங்கள், கைதட்டலை மிச்சம் வையுங்கள்! லாய்ட் மைக்கைப் பிடித்தார். என் பக்கம் திரும்பினார். "எனக்கும் அன்னிக்கி வாடை வந்துச்சுப்பா. பயந்துட்டேன்னு பேர் வந்துருமேன்னு உன் மேல போட்டுட்டேன்."

"இன்னா தாத்தா, எத்தினி கிளாஸு?" என்கிறது பின்வரிசை. இரண்டே இரண்டு, கண்ணு! நாற்பது வருஷக் கோபம் அதிலேயே கரைந்துவிட்டதே!

அன்று கேஜில் வந்தவர்களில் பத்துப் பேர் என்னைக் கோழை என்றே நினைத்துக் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுக்கு நான் எங்கே போய்ச் சொல்வேன்? பாட்டிலுக்கு நன்றி, பொறுத்த உங்களுக்கு நன்றி. என்னோடு மேலே வந்து, என் மூக்குக்குச் சாட்சி சொல்ல இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஒருவருக்கு என் இரு கை கூப்பிய வணக்கம்: லாய்ட்!