சாகுபுரம் லைன்

— காலையில லைன் வந்துச்சே அண்ணே, இப்ப எப்படி வராம போகும்? உங்க ரவுட்டர்ல பச்ச லைட்டு எரியுதா, தெளிவா பாத்துச் சொல்லுங்க.

— எரியுதுளா சுதா, எல்லாம் எரியுது. சவத்த விடு. போன வை, நாளைக்குப் பாக்கலாம்.

— நாளைக்கு உப்பு ஏத்துமதிக்காரர் வாரார்லா? உங்க துறைமுக ஆபீசும் என் சாகுபுரம் ஆபீசும் ஒரே நெட்வொர்க்கா ஓடுதத கண்ணால பாத்தாதான் அவரு சரக்குக்குக் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலைய நம்ம ரெண்டு பேருக்கும் தருவாரு. இல்லன்னா நான் இங்கன இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

— அப்பா செத்த கையோட தனியாப் போனவளுக்கு இப்பதான் அண்ணன் நெனப்பு வருதாக்கும்.

— நானா போனேன்? பொம்பளைக்குத் துறைமுகத்துல என்ன வேலைன்னு சொல்லி விரட்டுனது யாரு? இந்த ஜெபசிங் அண்ணன்தானே?

— சவத்த விடுன்னேன்லா. போனவ சும்மாவா போன? இங்கன ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் என்ன ஐ.பி. நம்பரோ, அதே நம்பர அங்கனயும் போட்டு வச்சிருந்த.

— ஆமா, வீம்புக்குத்தான் போட்டேன். அந்தத் துறைமுக ஆபீசுக்கு வயர் இழுத்தது முதக்கொண்டு நான். எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்னு வெறி. ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் இருந்தா ரவுட்டர் எத எங்க அனுப்பும்? யாராவது ஒருத்தர் மாத்தணும்னேன். நீங்க முடியாதுன்னுட்டீங்க. நான்தான் மாத்துனேன், பிரிண்டர் வரைக்கும்.

— அதுக்கு மாலை போடணுமோ?

— மாலையெல்லாம் வேண்டாம், தெளிவா கேளுங்க. என் ரவுட்டர்ல இருந்து கூப்பிட்டா உங்க ரவுட்டர் பதில் சொல்லுது. கம்ப்யூட்டர்ல இருந்து கூப்பிட்டா சத்தமே இல்ல. அப்ப லைன் நல்லாருக்கு. பதில் எனக்குத் திரும்பி வார ரூட்தான் உங்க பக்கம் இல்ல. காலையில நான் சொல்லச் சொல்ல அந்த ரூட்டுக்கு ஒத்த வரி அடிச்சீங்களே, அது எங்க?

— கரண்ட்டு போயிட்டு வந்துச்சு. அழிஞ்சிருக்கும்.

— சேவ் பண்ணீங்கள்லா? சரி, போகட்டும். மறுபடி சொல்லுதேன், அடிங்க.

— வேண்டாம்ளா.

— என்ன வேண்டாம்? எங்கிட்ட வேல பாக்குத பிள்ளைக எல்லாம் இந்த வேலைய நம்பித்தான் உக்காந்திருக்கு. கெஞ்சுதேன், போதுமா? அண்ணன்தானேன்னு சர்வருக்கு ஒரு பாஸ்வேர்டுகூட போடாம உங்களுக்குத் தொறந்து விட்டிருக்கேன் நான்.

— அதான்ளா வெனையாப் போச்சு.

— என்ன சொல்லுதீங்க?

— அந்த உப்பு ஏத்துமதிக்காரர் மத்தியானமே இங்கன வந்துட்டுப் போயிட்டாரு. உன் கஸ்டமர் ஃபைல் அத்தனையும் என் மேசையில இருந்தே தெறக்குதத பாத்துட்டு, அப்ப சாகுபுரத்துல இன்னொரு ஆபீசு எதுக்குன்னு கேட்டாரு. ஃபைல எல்லாம் இங்கன எடுத்து வச்சிட்டு, ரூட்ட அழிச்சிட்டு, கிளியரிங் வேலைக்கு என் ஒருத்தன் பேருல கையெழுத்துப் போட்டுட்டேன்.